வெள்ளைத்துண்டு வீசாத நாள்

போடிநாயக்கனூரில் தன் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து ஒரு தடவை உதறக்கூட உரிமையில்லாத ஒரே மனிதர் வெள்ளைத்துண்டுதான். நாமெல்லாம் வேர்த்தால் துடைப்போம், ஈ உட்கார்ந்தால் விசிறுவோம், பஸ்சில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாக எறிவோம். அவர் அதைச் செய்தால் ஊரே தண்ணீரில் குதித்துவிடும். இவன் அளக்கிறான் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படிக்கவும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. வெளியில் யாருக்கும் தெரியாது. குரங்கணி ரோட்டில் ஜீப்பு ஓட்டுகிறவர். காலையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவார், பொழுது சாய இறக்கிக்கொண்டு வருவார். ஜீப்பு கழுவி எத்தனை மாசம் ஆச்சு என்று சொல்ல முடியாது. சட்டை போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் சட்டை. துண்டு மட்டும் அன்றன்று வெளுத்தது, கொக்கு மாதிரி இருக்கும்.

விஷயம் இதுதான். ஊருக்கு மேற்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில் நாவக்கண்மாய் இருக்கிறது. கோடையில் அது முழங்கால் தண்ணிக்கு வற்றும்போது ஊர் கூடி மீன் பிடிப்போம். சட்டம் ஒன்றே ஒன்று: கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுகிறவரைக்கும் ஒருத்தர் காலும் நனையக் கூடாது. வீசிய மறுநொடி யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். அடியில்லாத மூங்கில் கூடையைத் தண்ணிக்குள் கவிழ்த்து அமுக்குகிறவர்கள் ஒரு பக்கம், வலையோடு பாய்கிறவர்கள் ஒரு பக்கம், முந்தானையையே வலையாக விரிக்கிற பெண்கள் ஒரு பக்கம். அந்தத் துண்டை வீசுகிற மரியாதை இவர் குடும்பத்துக்கு. அப்பா வீசினார். அப்பா போனபிறகு மரியாதை இவருக்கு வந்தது. வந்த வருஷம் பார்த்து மழை கொட்டியது. அடுத்தடுத்த வருஷங்களிலும் கொட்டியது. கண்மாய் வற்றவே இல்லை. மழை பெய்ததற்காக மானத்தைப் பார்த்துத் திட்டிய ஒரே விவசாய ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். நிச்சயதார்த்தம் முடிந்து முகூர்த்தம் மட்டும் தள்ளிக்கொண்டே போகிற மாப்பிள்ளை மாதிரி, துண்டும் தோளுமாக வெள்ளைத்துண்டு காத்துக்கொண்டே இருந்தார்.

காத்திருந்து காத்திருந்து ஊருக்கும் அவருக்கும் ஒருசேரப் பித்துப் பிடித்துவிட்டது. அவர் வீட்டுக் கொடியில் துண்டு காய்ந்து, அது காற்றில் ஆடினால், தெருவில் போகிற நாலு பேர் நின்று வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். அதிலிருந்து அவர் மனைவி, எனக்கு மதினி முறை, அவர் துண்டுகளை வீட்டுக்குள்ளேயே, ஜன்னலைச் சாத்திக் காயப்போட்டாள். "ஒம் புருசன் துண்டு தொவைக்கிறதுக்கு நான் போலீஸ் பந்தோபஸ்து கேக்கணும் போல" என்று என் அக்காவிடம் புலம்புவாள். ஒம் புருசன் என்று அக்காவிடம் எப்படிச் சொல்வாள் என்று கேட்காதீர்கள். கோபம் வந்தால் மதினி அவரை யார் தலையில் வேண்டுமானாலும் கட்டிவிடுவாள்.

அவர் வாழ்நாளில் கண்மாய்க் கரையில் துண்டை வீசியது ஒரே ஒரு தடவை. அதுவும் தப்பு. அது ஐப்பசி மழை முடிந்த சமயம். எதிர்க்கரையில் தேவாரத்திலிருந்து வந்த அவர் மச்சினர் நடந்து போய்க்கொண்டிருந்தார். தோட்டத்தில் யானை இறங்கி வாழையை முறித்துப்போட்ட துக்கத்தைச் சொல்ல வந்த மனிதர், வீட்டுக்கு வழி தப்பிப் போகிறாரே என்று இவர் பதறி, துண்டை எடுத்துத் தலைக்குமேல் ஒரு சுழற்று சுழற்றினார். அவ்வளவுதான். கரையில் மாடு மேய்த்தவர், சைக்கிளில் போனவர், சலூனில் பாதிச் சவரம் முடிந்து ஒரு கன்னத்தில் நுரையோடு ஓடிவந்தவர், எல்லோரும் தண்ணிக்குள். நெஞ்சளவு தண்ணி. ஒரு மீன் கிடைக்கவில்லை. சவரக்காரர் மட்டும் கரையில் நின்று, "ஏ அப்பு, மிச்சக் கன்னத்த யாரு செரைக்கிறது?" என்று கத்திக்கொண்டிருந்தார். நனைந்தவர்கள் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்கள். மறுநாளிலிருந்து வெள்ளைத்துண்டு தன் துண்டைச் சட்டையோடு சேர்த்து ஊக்குப் போட்டுக் குத்திக்கொண்டார்.

இந்தக் கண்மாய்க்குத்தான் அரசு–தனியார் கூட்டுத் திட்டம் வந்தது.

கண்மாயும் கரையும் அரசாங்கத்துடையது. பணம் போட்டுப் படகுத்துறை, நடைபாதை, ஊஞ்சல், தின்பண்டக் கடை, படம் எடுத்துக்கொள்ள இதய வடிவில் ஒரு வளையம் எல்லாம் கட்டிக்கொடுப்பது வெளியூர்க் கம்பெனி. டிக்கெட் வசூலில் ஆளுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். மூணாறுக்குப் போகிற கார்களெல்லாம் போடியில் டீ மட்டும் குடித்துவிட்டுப் போகின்றனவே, அவற்றில் பாதியாவது ஒரு மணி நேரம் நின்றால் ஊருக்கு நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது. கம்பெனிக்கு உள்ளூரில் ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னிடம் ஒரு பைக்கும் ஊர் முழுக்கச் சொந்தமும் இருந்ததால் வேலை எனக்குக் கிடைத்தது. உள்ளூர்த் தொடர்பாளர் என்று அட்டை எல்லாம் அடித்துக் கொடுத்தார்கள்.

மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. அதிகாரி அழகாகப் பேசினார். அரசு இடம் தருகிறது, தனியார் முதல் தருகிறது, மக்களுக்கு மகிழ்ச்சி கிடைக்கிறது என்று முடித்து, "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார். வெள்ளைத்துண்டு எழுந்தார்.

"துண்டு யாரு வீசுவா?"

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், பாவம், பெரிய நகரத்தில் படித்து வளர்ந்தவர். "துண்டெல்லாம் தாராளமாக் கொண்டு வரலாம் சார். ஆனா குளிக்கிற வசதி இப்போதைக்கு இல்ல" என்றார்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. வெள்ளைத்துண்டு சிரிக்கவில்லை. "பொண்ணு வீட்டுக்காரனும் மாப்ள வீட்டுக்காரனும் பேசி முடிச்சிட்டீக. தாம்பூலமும் மாத்திட்டீக. பொண்ணுகிட்ட யாருய்யா கேட்டது? வருசம் பூரா படகு ஓட்டணும்னா கம்மாய வத்தவே விட மாட்டீகளே. அப்ப மீனு?"

"மீன் உரிமை கம்பெனிக்கு" என்றார் அதிகாரி, காகிதத்தைப் பார்த்து.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்குப் பிடித்தது சனி. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒருத்தரும் பேசவில்லை. எங்கள் ஊர் ஆட்கள் கத்தினால் பயமில்லை. கத்தி முடித்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். பேசாமல் போனால்தான் பயம். டீ மாஸ்டர் ஒருவர்தான் போகிற போக்கில் என் காதில் சொன்னார்: "தெறப்பு விழா வைப்பீகள்ல? அன்னைக்குத் துண்டு விழும் அப்பு. கடேசித் துண்டு."

திறப்பு விழா அன்று கடைசியாக ஒரு தடவை மீன் பிடிக்க இறங்குவது என்ற அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவ ஒரு பொழுது போதுமாக இருந்தது.

வேலை ஆரம்பமானது. அந்த வருஷம் பார்த்து மழை ஏமாற்றிவிட்டது. மாசி முடிவதற்குள் கண்மாய் வற்றி, ஓரமெல்லாம் சேறு தெரிந்தது. படகு விடத் தண்ணி வேண்டுமே? மேனேஜர் பொக்லைனைக் கொண்டுவந்து படகுத்துறைக்கு முன்னால் பெரிய பள்ளமாகத் தோண்டச் சொன்னார். வெள்ளைத்துண்டு தினமும் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார். ஒரு நாள், தண்ணியைத் திருப்பி விடுவதற்கு முன், "வா தம்பி, எறங்கிப் பாப்பம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினார். நடுவில் நின்று கையை மேலே தூக்கினார். அவர் ஆறடி. கைக்கு மேலே இன்னொரு ஆள் நிற்கிற உயரத்துக்கு மண்சுவர் நின்றது. சுவர் சரிவாகவும் இல்லை, செங்குத்தாக வெட்டியிருந்தார்கள்.

"ஏன் தம்பி, கம்மா வத்துனா மீனெல்லாம் எங்க போகும்?"

"ஆழத்துக்கு வரும்ணே."

"மீனு எங்க இருக்கோ அங்கதான நம்ம ஆளுக பாய்வாக?"

ஏணி வைத்துத்தான் மேலே ஏறினோம். ஓரத்தில் முழங்கால் தண்ணி. நாலு எட்டு வைத்தால் பாதாளம். தண்ணி நிரம்பிவிட்டால் மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே கலங்கல்தான். மேனேஜரிடம் சொன்னேன். ஆழமான பகுதி என்று நாலு பலகை நட்டார். எங்கள் ஊரில் பலகையை நட்டால் அதில் ஆடு கட்டுவார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று வாய் ஓயாமல் சொலவடை சொல்கிற ஊர்தான். ஆனால் கோடையில் நாவக்கண்மாயின் ஆழம் தங்கள் இடுப்புவரைதான் என்பது அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்த ஆழத்தைப் பற்றி யார் பலகை பார்ப்பார்கள்?

வெள்ளைத்துண்டு ஊருக்குள் போய்ச் சொன்னார். ஜீப்பில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஏலக்காயைத் தரம் பிரித்து ஆய்கிற கிட்டங்கியில் போய் பெண்களிடம் சொன்னார். "எறங்காதீக ஆத்தா. உள்ள பள்ளம் கெடக்கு. நான் வீச மாட்டேன்."

பலன் என்ன தெரியுமா? அவர் கம்பெனிக்கு விலை போய்விட்டார் என்று பேச்சு கிளம்பியது. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. டீ மாஸ்டர் கிளாசை அவர் முன் வைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "சில பேருக்கு அப்பன் குடுத்த மரியாதய விட கம்பெனி குடுக்குற காப்பித்தண்ணி ருசியா இருக்கு." வெள்ளைத்துண்டு டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தார். என்னிடம் மட்டும் ஜீப்பில் வைத்துக் கேட்டார்: "நான் வீசாட்டி எறங்க மாட்டாகள்ல தம்பி? அந்தச் சட்டத்த மீற மாட்டாகள்ல?"

"மீற மாட்டாகண்ணே" என்றேன். அது ஒன்றுதான் மிச்சமிருந்த வேலி. துண்டு வீசாமல் எங்கள் ஊரில் ஒருத்தன் இறங்க மாட்டான். வெள்ளைத் துண்டு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அதை வீசியது யார் என்று நின்று விசாரிக்கவும் மாட்டான்.

இதை மேனேஜரிடம் எப்படியாவது புரியவைக்க வேண்டும் என்று தலைகீழாக நின்றேன். "சார், விழா அன்னைக்கு அவர் துண்டு அசையக் கூடாது. வேற யாரும் வெள்ளைத் துண்டு எடுக்கக் கூடாது. துண்டுதான் சார் பிரச்சினை." மேனேஜர் நெற்றியைத் தேய்த்து யோசித்தார். முகம் மலர்ந்தது. "புரிஞ்சுது. துண்டுதானே? நான் பாத்துக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க." அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். புத்தி கெட்டவன்.

திறப்பு விழா வந்தது. சித்திரை வெயில். படகுத்துறையில் பந்தல், மேளம், வாழைமரம். பெரிய அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர். கூட்டம் கண்மாயின் மூன்று கரையிலும் நின்றது. அப்படி ஒரு கூட்டத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பெண்கள் கல்யாணத்துக்கு வந்த மாதிரி நல்ல சேலை கட்டியிருந்தார்கள். ஆனால் இடுப்பில் சாக்குப்பை சொருகியிருந்தது. ஆண்கள் முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்தார்கள். மறைத்ததெல்லாம் மீன் கூடை. மேனேஜர் பெருமையாக என் தோளைத் தட்டினார்: "பாத்தீங்களா, எவ்வளவு ஆர்வம்!"

பள்ளத்துக்கு முன்னால் தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றை யாரோ அவிழ்த்து எடுத்துப் போயிருந்தார்கள். பள்ளத்தில் மீன் துள்ளியது. சும்மா துள்ளவில்லை, கையகலக் கெண்டை வெயிலில் மின்னி மின்னி விழுந்தது. ஒவ்வொரு தடவை துள்ளும்போதும் மூன்று கரையும் ஒரு எட்டு முன்னால் வந்தது. வெள்ளைத்துண்டு முதல் வரிசையில், கையை மடியில் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். துண்டில் அன்று மூன்று ஊக்கு. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. துடைக்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன். பள்ளத்துக்கு நேர் எதிரே, முன்வரிசையில், சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு என் அக்கா நின்றாள். அக்காவுக்கு நீச்சல் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. இடுப்பளவு கண்மாய்க்கு எதற்கு நீச்சல்? நான் கையை ஆட்டி, தள்ளிப் போ, தள்ளிப் போ என்று சைகை காட்டினேன். பந்தலுக்குள் நிற்கிற தம்பி தனக்குக் கைகாட்டுகிறான் என்று பெருமையாகப் பக்கத்தில் இருப்பவளிடம் காட்டினாள்.

விருந்தினர் பேசி முடித்தார். மைக்கை மேனேஜர் வாங்கினார். "இப்போது ஒரு சிறப்பு நிகழ்ச்சி. இந்த ஊரின் பாரம்பரியத்தை மதிக்கும் விதமாக, நமது பெரியவர் அவர்களுக்கு ஒரு துண்டு அணிவித்து மரியாதை செய்கிறோம்."

நான் பந்தலில் ஆட்களை விலக்கிக்கொண்டு மேடைப் பக்கம் நகர்ந்தேன்.

அவர் பாத்துக்கறேன் என்று சொன்னது இதைத்தான். துண்டுதான் பிரச்சினை என்றால் ஒரு துண்டைப் போட்டுவிட்டால் தீர்ந்தது! பளபளக்கிற பிளாஸ்டிக் உறையிலிருந்து வெள்ளைவெளேரென்று, சரிகைக் கரை போட்ட, எட்டு முழ வேட்டிக்கு அண்ணன் மாதிரி ஒரு துண்டு வெளியே வர ஆரம்பித்தது. கூட்டத்தின் சத்தம் அடங்கியது. மேளக்காரர் கோலை அப்படியே பிடித்திருந்தார். மூன்று கரையிலும் கூடைகள் முதுகிலிருந்து முன்னால் வந்தன.

வெள்ளைத்துண்டு எழுந்து மேடைக்குப் போனார். "சார், பிரிக்காதீக" என்றார் தணிந்த குரலில்.

"கூச்சப்படாதீங்க சார்."

"சார், மடிச்சே குடுங்க. கையில குடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மேனேஜர் சிரித்தபடி போட்டோக்காரர் பக்கம் திரும்பினார். நல்ல படம் வேண்டும் அவருக்கு. துண்டின் இரண்டு நுனியையும் பிடித்து, பொன்னாடை போர்த்துகிறவர்கள் வழக்கமாகச் செய்வது மாதிரி, தலைக்குமேல் வீசி விரிக்கக் கையை ஓங்கினார்.

வெள்ளைத்துண்டு பாய்ந்தார். ஜீப்பு ஓட்டிக் காய்த்த கைகள் இரண்டும் மேனேஜரைத் துண்டோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தன. இரண்டு பேரும் பூச்சாடி மேல் விழுந்து, குத்துவிளக்கைத் தள்ளிக்கொண்டு, சிறப்பு விருந்தினர் காலடியில் உருண்டார்கள். கீழே விழுந்த மைக் எல்லாவற்றையும் ஊருக்கு ஒலிபரப்பியது. "ஐயோ, என்னைக் கொல்றாரு!" "தம்பி, நுனி! நுனியப் பிடி! பறக்குது பாரு!" நான் போய் அந்த நுனிமேல் உட்கார்ந்தேன். உள்ளூர்த் தொடர்பாளராக நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். விருந்தினர் நாற்காலிமேல் ஏறி நின்றார். அதற்குள் துண்டின் இன்னொரு நுனி காற்றில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, படபடத்து அடங்கியது.

கிழக்குக் கரையில் ஒரு "ஏய்ய்ய்!" கிளம்பியது. முன்வரிசை சேற்றில் கால் வைத்தது. பாதிப்பேர் துண்டைப் பார்த்தார்கள், பாதிப்பேர் மேடைச் சண்டையைப் பார்த்தார்கள். வீசியாச்சா இல்லையா என்று தெரியாமல் அத்தனை ஜனமும் ஒரு காலைத் தண்ணியிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு நின்றது. அக்காவின் கணுக்கால் நனைந்திருந்தது. எனக்கு அவள் கணுக்கால் தவிர எதுவும் தெரியவில்லை.

ஒரே ஒரு ஆளுக்குச் சந்தேகமே வரவில்லை. டீ மாஸ்டர். கூடையைத் தலைக்குமேல் பிடித்து, மீன் துள்ளிய இடத்தைப் பார்த்து ஓடினார். ஓர் எட்டு, ரெண்டு எட்டு, மூணு எட்டு. நாலாவது எட்டில் ஆளைக் காணோம். கூடை மட்டும் மிதந்தது.

சத்தமே இல்லை. அப்புறம் ஒரு கை வெளியே வந்து போனது. படகுத்துறையில் நின்ற படகுக்காரர் மிதவைச் சட்டையோடு குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். டீ மாஸ்டர் தண்ணியைக் கக்கினார். மூச்சு வாங்கினார். கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை:

"அடி தட்டலடா! எனக்கு அடி தட்டலடா!"

காலுக்குத் தரை எட்டவில்லை என்கிற அந்த வார்த்தை கரையோடு கரையாக ஓடியது. அடி தட்டலயாம். மாஸ்டருக்கு அடி தட்டலயாம். ஒவ்வொரு காலாகத் தண்ணியிலிருந்து வெளியே வந்தது. அக்கா பின்னால் போய் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

மேடையில் வெள்ளைத்துண்டு இதையெல்லாம் பார்க்கவில்லை. அவர்மேல் மூன்று போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தினர் முன்னிலையில் மேனேஜரைத் தாக்கியது, விழாவைக் குலைத்தது என்று போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக ஜீப்பில் பின் சீட்டு. அவருடைய துண்டையும் புதுத் துண்டையும் ஆதாரம் என்று தனியாக மடித்து எடுத்துக்கொண்டார்கள்.

நான் ஸ்டேஷனுக்குப் போனபோது, பெஞ்சில் தோள் வெறுமையாக உட்கார்ந்திருந்தார். துண்டில்லாத அவர் தோளை நான் பார்த்ததே இல்லை. ஒரு பக்கம் இறங்கிப்போய், வேறு யாருடைய தோளோ மாதிரி இருந்தது.

"எத்தன பேரு எறங்குனாக தம்பி?"

"ஒரே ஆளுதாண்ணே. டீ மாஸ்டரு."

"ஏறிட்டாரா?"

"ஏறிட்டாருண்ணே. நல்லா இருக்காரு."

தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு விம்ம ஆரம்பித்தார். "இம்புட்டு வருசம் காத்துக் கெடந்தேன் தம்பி. கம்மா வத்தியிருக்கு. மீனு துள்ளுது. ஊரே கரையில நிக்கிது. எங்கப்பனுக்குக்கூட அம்புட்டுக் கூட்டம் நின்டதில்ல. துண்ட என் கையாலயே பிடிச்சு அமுக்க வேண்டியதாப் போச்சே." பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

வாசலில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் ஊரே நிற்கிறது. நல்ல சேலையும் காலிக் கூடையுமாக வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் என் அக்கா. அவள் யாரிடமும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. ஏலக்காய் ஆய்கிற இடத்தில் கணக்குப்பிள்ளையிடம்கூடத் தலை நிமிரமாட்டாள். அன்று இன்ஸ்பெக்டரிடம் நேராகப் போய், "எங்க அண்ணன வெளிய விடுங்கய்யா. அவரு அந்த மேனேஜரக் கட்டிப் பிடிக்காட்டி, இந்நேரம் நீங்க எங்கள வரிசையா அடுக்கிவெச்சு எண்ணிக்கிட்டு இருப்பீக" என்றாள். பின்னால் ஈரம் சொட்டச் சொட்ட டீ மாஸ்டர் நின்றார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மூக்குக் கெண்டியில் தண்ணி ஒழுகுகிற மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு மேனேஜர் வந்தார். புகார் எழுதிக் கொடுக்கத்தான் வந்தார். வழியில் கண்மாய்க்குப் போய், ஒரு மூங்கிலைப் பள்ளத்தில் விட்டுப் பார்த்திருக்கிறார். தானே தோண்டச் சொன்ன பள்ளம்தான். ஆனால் வரைபடத்தில் பார்த்த ஆழத்துக்கும் மூங்கில் முழுக்க மூழ்கிப்போகிற ஆழத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா? புகாரை எழுதவில்லை. வெள்ளைத்துண்டின் பக்கத்தில் வந்து நின்று, "நான் விரிச்சிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க சார்" என்றார் வெள்ளைத்துண்டு. "கழுத்து ரொம்ப வலிக்கிதா? எங்க வீட்டுல தைலம் இருக்கு." தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, எங்கள் ஊருக்கு வந்தது மேனேஜர் கழுத்தோடு போனது.

அப்புறம் ஒரு கூட்டம் நடந்தது. இந்தத் தடவை அதிகாரி பேசுவதற்கு முன்னால் ஊரைப் பேசச் சொன்னார்கள். பள்ளத்தைச் சுற்றிக் கம்பி வேலியும் மிதவைக் கயிறும் வந்தன. மேலக்கரைப் பாதியில் தோண்டுவதில்லை, வேலி போடுவதில்லை, அங்கே மீன் ஊருக்கு என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கிழக்குப் பாதியில் அன்னப்பறவைப் படகு ஓடுகிறது. மூணாறு கார்கள் நிற்கின்றன. இதய வளையத்துக்குள் எங்கள் ஊர்ப் புதுமாப்பிள்ளைகள்கூடப் போய் நிற்கிறார்கள். வெள்ளைத்துண்டுக்குப் பாதுகாப்பு வேலை கொடுக்கக் கம்பெனி முன்வந்தது. சீருடைமேல் துண்டு போடக் கூடாது என்றார்கள். மாட்டேன் என்றுவிட்டார். இன்னும் ஜீப்புதான் ஓட்டுகிறார். மேலக்கரை வற்றுவதற்காக இன்னும் காத்திருக்கிறார். அதன்பிறகு நல்ல மழை.

என் அக்கா அதற்கப்புறம் கண்மாய்ப் பக்கமே போவதில்லை. மீன் மார்க்கெட்டில்தான் வாங்குகிறாள். வீட்டில் குழம்பு கொதித்து இறங்கியதும், யாரும் தட்டெடுக்குமுன் ஒரு தூக்குச்சட்டி நிறைய அவர் வீட்டுக்குப் போய்விடும். நடுக்கண்டமெல்லாம் அதில்தான் போகும். எனக்கு வாலும் தலையும்தான் மிச்சம். எதிரே உட்கார்ந்து அக்கா பரிமாற, அந்த வாலைத் தின்னும்போது எனக்கு ஒரு குறையும் தெரிவதில்லை.